பத்தியமா, பட்டினியா?

(கொல்லிமலை, செம்மேட்டில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வயிற்றைப் பற்றியது. அதிலும் இரைப்பைக்குப் பின்னால் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கிற கணையம் என்ற சிறு உறுப்பைப் பற்றியது. இதற்கு ஒரு கூட்டம் எதற்கு, டாக்டர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று சிலர் நினைக்கலாம். மருந்து டாக்டர் கையில் இருக்கிறதென்றாலும் சோறு நம் வீட்டு அடுப்பில்தானே இருக்கிறது? அந்த அடுப்பங்கரையில்தான் பாட்டி சொன்னது, பூசாரி சொன்னது, பக்கத்து வீட்டார் சொன்னது எல்லாம் ஒன்றுகூடி, பத்தியம் என்ற பெயரால் நோயாளியின் வாயைக் கட்டிவிடுகின்றன. ஆகவே பேச வேண்டியிருக்கிறது.

கணையத்திற்கு இரண்டு வேலை. ஒன்று, நாம் உண்ணும் மாவையும் பருப்பையும் எண்ணெயையும் செரிக்கச் செய்யும் நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. மற்றொன்று, இன்சுலினை ரத்தத்தில் விட்டுச் சர்க்கரையை அளவில் வைப்பது. குடலுக்குப் போய் வேலை செய்யவேண்டிய நீர், கணையத்திற்குள்ளேயே வேலையைத் தொடங்கி, தன்னைச் சுரந்த உறுப்பையே அரிக்க ஆரம்பித்தால் அதற்குப் பெயர்தான் கணைய அழற்சி. மேல்வயிற்றைப் பிடித்து முதுகுவரை குத்தும் வலியும் ஓயாத வாந்தியும் வந்தால், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டியிருந்தாலும் உடனே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பித்தப்பைக் கல், குடி, ரத்தத்தில் மிதமிஞ்சிய கொழுப்பு, பிறவிக்கூறு, சில மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணங்கள். பேயும் செய்வினையும் கிரகமும் இந்தப் பட்டியலில் இல்லை. மந்திரிப்பதிலும் குறி கேட்பதிலும் போகிற ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியின் உயிரிலிருந்து கழிகிற நேரமாகும்.

இந்த நோய் ஒரு தடவை வந்து போய்விடுவதும் உண்டு. பலமுறை வந்து, கணையம் சுருங்கி, அதில் கல் படிந்து, ஆயுள் முழுதும் நிலைத்துவிடுவதும் உண்டு. அந்த இரண்டாவது வகையில்தான் நம் குச்சிக்கிழங்கின்மேல் ஒரு பெரிய வழக்கு வந்து சேர்ந்தது.

1959ல் ஜுய்டெமா என்பவர், இந்தோனேசியாவில் மரவள்ளியைத் தின்று மெலிந்துபோன ஏழைகளுக்குக் கணையத்தில் கல்லும் கூடவே சர்க்கரை வியாதியும் இருப்பதை எழுதினார். கேரளத்தில் டாக்டர் ஜீவர்கீஸ் இதே நோயை நூற்றுக்கணக்கானவர்களிடம் கண்டார். சிறு வயதில் வயிற்று வலி, வாலிபத்தில் சர்க்கரை, வாழவேண்டிய வயதில் சாவு என்பதே அவர்களுடைய கதியாக இருந்தது. கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதையும், புரதம் போதாத உடம்பு அந்த நஞ்சை முறிக்க முடியாமல் தவிக்கும் என்பதையும் சேர்த்து, மெக்மில்லனும் ஜீவர்கீஸும் 1979ல் மரவள்ளியைச் சந்தேகித்தார்கள். நியாயமான சந்தேகந்தான்.

பெரியவர்கள் சொன்னதாயிற்றே என்று விஞ்ஞானம் அதோடு நின்றுவிடவில்லை. 2000ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு நெடுநாள் மரவள்ளி கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை வியாதியும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை. கிழங்கைக் கண்ணால் பாராத ஊர்க்காரர்களுக்கும் இந்த நோய் வருவது தெரிந்தது. கணையத்தைத் தன் நீரிடமிருந்தே காக்கிற ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் பிறவியிலேயே மாறுதல் இருப்பதும் நோயாளிகள் பலரிடம் காணப்பட்டது. எலிக்கு வராதது மனிதனுக்கும் வராது என்று ஒரே சோதனையால் தீர்ப்பு எழுதிவிட முடியாதென்றாலும், கிழங்குதான் குற்றவாளி என்பது ருசுவாகவில்லை என்பதே இன்றைய நிலை. இதையே ஒரு சாஸ்திரம் சொல்லியிருந்தால் இன்னும் ஆயிரம் வருஷம் ஆனாலும் யாராவது எலி வாங்கிச் சோதித்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்!

அப்படியானால் கிழங்கையே தின்றுகொண்டிருக்கலாமா என்றால், கூடாது. காரணம் சயனைடு அல்ல, கணக்கு! நாட்பட்ட கணைய நோயுள்ளவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 60 கிராம். நூறு கிராம் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. கிழங்கை மட்டும் தின்று 60 கிராம் சேர்க்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு நாலு கிலோவுக்கு மேல் தின்னவேண்டும்! சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் காய்ச்சல் வந்தாலும் வயிற்றுவலி வந்தாலும் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அது அந்தக் கிழங்கிலிருந்து மாவை மட்டும் பிழிந்தெடுத்தது. அதில் புரதம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இரண்டு நாளைக்குக் குடித்தால் தவறில்லை. இரண்டு மாதத்திற்கு அதையே கொடுத்தால், நோய் தின்றது பாதி, பத்தியம் தின்றது பாதி என்று ஆகிவிடும்.

ஒரு காலத்தில் டாக்டர்களும் பட்டினியைத்தான் சொன்னார்கள். கணையம் ஓய்வெடுக்கட்டும் என்று, வலி வந்தவருக்கு நாள்கணக்கில் வாயில் ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்ததில், வெறுங்குடலின் சுவர் தளர்ந்து கிருமிகள் உள்ளே கசிவதற்கு இடமாகிறது என்று தெரிந்தது. 2018ல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம், நோயாளி தாங்குகிற வரையில் 24 மணி நேரத்திற்குள்ளாகவே உணவு தொடங்கலாம் என்றும், வாயால் முடியாவிட்டால் குழாய் மூலம் குடலுக்குக் கொடுப்பதே ஊசி வழியாகக் கொடுப்பதைவிட மேல் என்றும் சொல்லிற்று. ஆஸ்பத்திரியே கைவிட்ட பட்டினியை நம் வீடுகள் இன்னும் கட்டிக்கொண்டிருப்பானேன்?

நாட்பட்ட நோய்க்காரர் எப்படிச் சாப்பிடுவது? மூன்று வேளைப் பெருஞ்சோறு வேண்டாம். ஐந்தாறு வேளை சிறுகச் சிறுகச் சாப்பிடலாம். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் இவற்றில் கிடைத்தது ஒவ்வொரு வேளையும் இருக்கவேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஆற்று மீனுக்கு இரை போட்டுப் புண்ணியம் தேடுகிறார்கள். போடட்டும். வீட்டில் இளைத்துக் கிடக்கிறவருக்குத் தட்டில் ஒரு மீன் போட்டால் அதைப் பாவம் என்று மட்டும் சொல்லாதிருக்கட்டும்.

சாமையும் தினையும் நல்ல தானியங்களே. ஆனால் சிறுதானியம் எவ்வளவு முரடாயிருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற இக்காலப் பேச்சு இந்த நோய்க்குப் பொருந்தாது. நார் மிதமிஞ்சினால் செரிமான நீரின் வேலை தடைப்படும். உமியும் தவிடும் போகக் குத்தி, குழைய வேகவைத்து, பருப்போடு கொடுங்கள்.

எண்ணெயை அடியோடு நிறுத்து என்பதும் பழைய பத்தியந்தான். மலம் எண்ணெய்ப் பசையாய், மிதந்து, கடும் நாற்றமெடுத்தால், கொழுப்பு செரிக்காமல் போகிறதென்று அர்த்தம். அதற்குப் பரிகாரம் செரிமான நொதி மாத்திரை. சாப்பாட்டின் முதல் கவளத்தோடு தொடங்கிச் சாப்பாட்டினூடேயே, மெல்லாமல் விழுங்கவேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் காசுக்குக் கேடு. மாத்திரை சரியாக வேலை செய்கிற வரையில் அளவான எண்ணெயை விலக்கவேண்டியதில்லை. அதையும் விலக்கினால் எடை குறையும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறைந்து எலும்பும் கண்ணும் கெடும்.

அந்த மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இதை மறைக்காமல் நோயாளிக்குச் சொல்லவேண்டும். சொன்னவுடன், ஐயோ தீட்டு என்று வேண்டாமென்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பல பத்தாண்டுகள் பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்த இன்சுலினால்தான் உயிர் பிழைத்தார்கள். எந்தத் தெய்வமும் வந்து அவர்களைத் தண்டித்ததாகச் செய்தியில்லை. மனிதன் கணையம் கைவிட்ட இடத்தில் பன்றியின் கணையம் சோறு செரித்துக் கொடுக்கிறதென்றால், அதில் யார் யாருக்குத் தீட்டு?

இனி இரண்டு விஷயத்தில் மட்டும் நாமும் கண்டிப்பான பத்தியம் சொல்லுகிறோம். ஒன்று குடி, மற்றொன்று புகை. கொஞ்சம் என்ற அளவே கிடையாது. அரசாங்கம் டாஸ்மாக்கில் விற்றதானாலும், காட்டில் காய்ச்சியதானாலும், சாமிக்குப் படைத்ததானாலும் கணையத்துக்கு எல்லாம் ஒன்றே. சோற்றுக்குப் பத்தியம் வைத்துவிட்டுச் சாராயத்துக்கு விடுமுறை கொடுப்பது எந்த ஊர் வைத்தியம்? அதுபோலவே, கொல்லிமலை மூலிகை, சித்தர் கண்ட மருந்து என்று பெயரொட்டி விற்பதையெல்லாம், உள்ளே என்ன இருக்கிறதென்று விற்கிறவனே சொல்ல முடியாதபோது வாங்கி விழுங்காதீர்கள்.

கணையம் கெட்டு வந்த சர்க்கரை வியாதியில், இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமலிருந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். ஆகவே கிருத்திகை விரதமோ சனிக்கிழமை ஒருபொழுதோ இவர்களுக்கு ஆகாது. பையில் கொஞ்சம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாகத் தாய்மார்களைப் பற்றி. ஐந்து வேளை சாப்பிடு என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். ஆண்கள் உண்டபிறகு மிஞ்சியதை உண்ணவேண்டுமென்ற வழக்கமுள்ள வீட்டில் ஒரு மருமகள் ஐந்து வேளை எப்படிச் சாப்பிடுவாள்? அந்த வழக்கத்தை எடுக்காமல் மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. மாத்திரையும் வேளைக்கு ஒன்றிரண்டு என்று ஆயுள் முழுதும் வாங்கவேண்டியது. கூலிக்காரர் தாங்குகிற விலையல்ல. அது மலைமேலேயே அரசாங்க மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்கவேண்டுமென்று கூட்டமாய்ப் போய்க் கேளுங்கள். நேர்த்திக்கடனாக உண்டியலில் போடும் காசை முட்டைக்கும் பருப்புக்கும் மாற்றுங்கள்.

நாம் சொன்னதையும் அப்படியே ஏற்கவேண்டாம். உங்கள் டாக்டரிடம் ஏன், எதற்கு என்று கேளுங்கள். நோயாளியை மாதந்தோறும் தராசில் நிறுத்திப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால், எந்தப் பெரியவர் சொன்ன பத்தியமானாலும் அது தப்பென்று தராசே சொல்லிவிடும்.