வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

(கொள்முதல், கணக்குப் பிரிவு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒப்பந்தப்புள்ளிகள் திறக்கப்படும் அறையில் நான் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். உறைகள் பிரிக்கப்படும், விலைகள் உரக்கப் படிக்கப்படும், ஒப்பீட்டுப் பட்டியலில் மிகக் குறைந்த தொகையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வரையப்படும். இப்போது இந்த வேலை கணினித் திரையில் நடைபெறுகிறது. வட்டத்தையும் கணினியே போட்டுவிடுகிறது. ஆனால் அந்த வட்டத்துக்குள் அடங்குவது ஒரே ஒரு நாளின் செலவு. வாங்கிய கருவியோ ஐந்தாறு ஆண்டுகள் நம்மோடு இருக்கப்போகிறது. எஞ்சிய நாட்களின் செலவு எங்கே எழுதப்படுகிறது, யார் அதைச் செலுத்துகிறார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

களப்பணியாளரின் கையில் உள்ள மின்னணுக் கருவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இதில் இரு வகைகள் உண்டு. முதலாவது, ஒரு பணிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. நியாய விலைக் கடையில் உள்ள விற்பனை முனை இயந்திரம் இத்தகையது. விரல்ரேகை பதிவதும் ரசீது அச்சிடுவதும் ஒரே பெட்டிக்குள் அடங்கும்; தூசியையும் கை தவறி விழுவதையும் எதிர்பார்த்தே அது கட்டப்பட்டிருக்கும். இரண்டாவது, கடைவீதியில் எவரும் வாங்கக்கூடிய திறன்பேசி. அதனுடன் தனி விரல்ரேகைக் கருவியையும் சிறிய அச்சுப்பொறியையும் இணைத்து, உரிய செயலியை ஏற்றி வேலைக்கு அனுப்புகிறோம். முதலாவதின் விலை அதிகம், இரண்டாவதின் விலை குறைவு என்ற அளவிலேயே நம் கோப்புகளில் வாதம் முடிந்துவிடுகிறது.

அஞ்சல் துறையில் இவ்விரு வகைகளும் அடுத்தடுத்து வந்தன. ஏறத்தாழ 1.29 லட்சம் கிளை அஞ்சலகங்களைக் கணினிவழி இணைக்கும் நோக்குடன் ரூ. 1,400 கோடி மதிப்பீட்டில் 2017 டிசம்பரில் 'தர்ப்பண்' திட்டம் தொடங்கப்பட்டபோது, சூரிய ஒளி மின்சாரத்தில் இயங்கும் தனிக் கைக்கருவிகள் கிராமங்களுக்குச் சென்றன. மின்வெட்டை வழக்கமாகக் கொண்ட ஊரில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் இந்திய அஞ்சல் கட்டண வங்கி தொடங்கப்பட்டபோது, வீடு தேடிச் செல்லும் அஞ்சற்காரரிடம் திறன்பேசியும் விரல்ரேகைக் கருவியும் கொடுக்கப்பட்டன. மேசையில் நிற்கும் வேலைக்கு ஒன்றும் தெருவில் நடக்கும் வேலைக்கு மற்றொன்றும் பொருந்தலாம். எனவே வேலை இன்னதென்று தெரியாமல் கருவியை மதிப்பிடுவதற்கில்லை.

ஒரு கணக்கு

மாணவர்களுக்காக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட அனுமானங்களே. எந்தத் துறையின் கணக்கும் அல்ல. காலம் ஆறு ஆண்டுகள்.

தனிக்கருவியின் விலை ரூ. 24,000 என்க. முதலாண்டு உத்தரவாதம். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு விலையில் பத்து சதவீதம் பராமரிப்புக் கட்டணம், ஆக ரூ. 12,000. இடையில் ஒரு முறை பேட்டரி மாற்ற ரூ. 1,500. மொத்தம் ரூ. 37,500.

திறன்பேசி ரூ. 9,000, விரல்ரேகைக் கருவியும் அச்சுப்பொறியும் ரூ. 6,000, ஆக ரூ. 15,000. மூன்றாம் ஆண்டின் முடிவில் மூன்றையும் மாற்ற வேண்டும் என்க, மீண்டும் ரூ. 15,000. கருவிகளைத் தலைமையகத்திலிருந்து கண்காணித்துப் பூட்டிவைக்கும் மென்பொருளுக்கு ஆண்டுக்கு ரூ. 400, பழுதுக்கு ஆண்டுக்கு ரூ. 1,000. மொத்தம் ரூ. 38,400.

வாங்கும் நாளில் ரூ. 9,000 வேறுபாடு காட்டிய இரண்டும் ஆறாண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பொருளாதாரம் படித்தவர்கள் உடனே ஒன்றைக் கேட்பார்கள். மூன்றாண்டு கழித்துச் செலவிடும் 15,000 ரூபாயின் இன்றைய மதிப்பு, எட்டு சதவீதக் கழிவு வீதத்தில், சுமார் 11,900 ரூபாய்தானே? உண்மைதான். செலவைத் தள்ளிப்போடுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. அது திறன்பேசியின் பக்கம் சேரும்.

ஆனால் முக்கியமான இனத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. கருவி இயங்காமல் கிடக்கும் நாட்களையே குறிப்பிடுகிறேன். தனிக்கருவி ஆண்டுக்கு நான்கு நாட்களும், திறன்பேசித் தொகுப்பு பத்து நாட்களும் முடங்குவதாகக் கொள்வோம். ஒரு பணிநாளின் மதிப்பு ரூ. 500 என்றால், ஆறாண்டில் முதலாவதுக்கு ரூ. 12,000, இரண்டாவதுக்கு ரூ. 30,000 இழப்பு. இப்போது மொத்தம் முறையே ரூ. 49,500, ரூ. 68,400. சமமாக நின்ற தராசு ரூ. 18,900 அளவுக்குச் சாய்ந்துவிட்டது. சாய்த்தது நம் ஒப்பீட்டுப் பட்டியலில் இடமே பெறாத ஓர் இனம்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையைச் சொல்ல வேண்டும். பணிநாளின் மதிப்பை எதைக் கொண்டு கணிப்பது? அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரிலிருந்து மாதம் ரூ. 4,500, மாநிலங்கள் மேலும் சேர்த்துத் தருகின்றன. மத்தியத் தொகையை மட்டும் கொண்டால் நாளொன்றுக்கு ரூ. 150. அந்த மதிப்பை என் கணக்கில் இட்டால் 18,900 ரூபாய் வேறுபாடு 6,300 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதாவது, குறைவாக ஊதியம் பெறுபவருக்கு மலிவான கருவி கொடுத்தாலும் நட்டமில்லை என்று கணக்கே நமக்குச் சமாதானம் சொல்கிறது! எடை பார்க்கப்படாமல் திரும்பிய குழந்தையின் நாளோ, ஓய்வூதியம் பெறாமல் திரும்பிய முதியவரின் நாளோ அந்த 150 ரூபாய்க்குள் அடங்குவதில்லை. ஊதியத்தைப் பணியின் மதிப்பாகக் கொள்ளும் பழக்கம் இவ்விடத்தில் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பது என் உறுதியான கருத்து.

பழையதாகிவிடும் ஆபத்து

இவ்வளவும் சொன்னதால் தனிக்கருவியே எப்போதும் சிறந்தது என்று நான் வாதாடுவதாக எண்ணிவிட வேண்டாம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பாருங்கள். 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட அவ்வகை இயந்திரம், அந்த ஒரு பணிக்கென்றே பொதுத்துறை நிறுவனங்களால் செய்யப்படுவது. 2006 முதல் 2010 வரை வாங்கப்பட்டவற்றின் விலை ஒன்றுக்கு ரூ. 8,670, ஆயுள் பதினைந்து ஆண்டுகள். வலைப்பின்னலோடு இணைக்கப்படாததால் வெளியுலக மாற்றங்கள் அதைத் தொடுவதில்லை. தனிக்கருவிக்கு இதைவிட ஏற்ற களம் இல்லை.

வெளியுலகோடு பேச வேண்டிய கருவியின் நிலை வேறு. ஆதார் ஆணையம் விரல்ரேகைக் கருவிகளுக்கான பாதுகாப்புத் தரத்தை உயர்த்தி, 'எல்-0' வகையிலிருந்து 'எல்-1' வகைக்கு மாறுமாறு கூறியபோது நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். தனியாக இணைக்கப்படும் விரல்ரேகைக் கருவியானால் அதை மட்டும் மாற்றினால் போதும். பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால், திறந்து மாற்ற இயலாத அமைப்புகளில் இயந்திரம் முழுவதையும் கழிக்க நேரிடும். என் கணக்கில் நான்காம் ஆண்டின் முடிவில் இது நேர்ந்தால், தனிக்கருவியின் மொத்தச் செலவு, புதிய உத்தரவாதத்தால் மிஞ்சும் ஓராண்டுப் பராமரிப்புக் கட்டணம் போக, ரூ. 71,100 ஆகிறது. திறன்பேசிக்கு விரல்ரேகைக் கருவியின் விலை ரூ. 2,500 மட்டுமே கூடி, ரூ. 70,900. தராசு மீண்டும் சமம். (புதிய தனிக்கருவியில் மேலும் நான்காண்டு ஆயுள் எஞ்சியிருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.) திறன்பேசியும் இந்த ஆபத்துக்கு விலக்கல்ல, மலிவான வகைகளுக்குத் தயாரிப்பாளரின் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளிலேயே நின்றுவிடுகின்றன.

இந்த ஆபத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு உணவுத் துறை கண்ட விடை படிக்கத் தக்கது. மாநில அரசுகளுக்கான உதவி குறித்த 2015ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில், விற்பனை முனை இயந்திரத்தின் வழியே விற்கப்படும் தானியத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ. 17 கூடுதல் விளிம்புத்தொகை அனுமதிக்கப்பட்டது. கொள்முதல், இயக்கம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் அத்தொகையே ஏற்க வேண்டும். இயந்திரம் ஓடினால்தான் பணம் வரும், நின்றால் வராது. வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும் ஒரே தொகையில் இணைந்துவிட்டன. 2021 ஜூனில் செய்யப்பட்ட திருத்தம், இதில் மிச்சம் பிடிக்கும் மாநிலங்கள் அதை மின்னணு எடைத் தராசுக்குச் செலவிடவும் வழி செய்தது.

ஆயினும் சிறு கடையின் நிலையை இதில் கவனிக்க வேண்டும். மாதம் 100 குவிண்டால் விற்கும் கடை ரூ. 1,700 ஈட்டும், 30 குவிண்டால் விற்கும் மலைக்கிராமக் கடை ஈட்டுவது ரூ. 510. இயந்திரத்தின் செலவோ இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். மலையேறிச் சென்று பழுதுபார்க்கும் செலவைச் சேர்த்தால் இரண்டாவதில் அதிகம். 2022இல் இத்தொகை திருத்தப்பட்டபோது பொதுப் பிரிவு மாநிலங்களுக்கு ரூ. 21 என்றும், சிறப்புப் பிரிவு மாநிலங்களுக்கு ரூ. 26 என்றும் வேறுபடுத்தப்பட்டது சரியான திசையில் எடுத்து வைத்த அடி.

சொந்தக் கருவி

எந்தக் கருவியையும் வாங்காமலிருப்பதே சிக்கனமாகும் சந்தர்ப்பமும் உண்டு. 2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்புக்குப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த டேப்லெட் கணினிகள் பயன்பட்டன. அப்போது திறன்பேசி நாட்டில் பரவலாக இல்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ரூ. 11,718 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை 2025 டிசம்பரில் ஒப்புதல் அளித்தபோது, சுமார் 30 லட்சம் களப்பணியாளர் செல்பேசிச் செயலி வழியே விவரம் திரட்டுவர் என்பது திட்டம்; அதற்குத் தத்தம் செல்பேசியையே பயன்படுத்துவது ஏற்பாடு. சில வாரப் பணிக்காக 30 லட்சம் கருவிகளை வாங்கிக் கிடங்கில் அடுக்குவது வீண். பணி குறுகியது, அதற்கு மதிப்பூதியமும் உண்டு.

ஆண்டு முழுவதும், நாள்தோறும் நடைபெறும் பணிக்கு இந்த நியாயம் பொருந்தாது. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பணியாளர் பெருந்திரளாகத் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட செல்பேசிகளைத் திருப்பி ஒப்படைத்தனர். நினைவகம் போதவில்லை, பழுதுபார்க்கும் செலவு தங்கள் தலையில் விழுகிறது என்பவை அவர்கள் சொன்ன குறைகள். ஒரு முறை பழுதுபார்க்க 1,500 ரூபாய் ஆனால் அது மத்திய அரசு தரும் மாத மதிப்பூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு. அரசுக் கணக்கில் அந்தச் செலவு மிச்சமாகத் தோன்றும். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் கணக்குக்கு மாற்றப்பட்ட செலவு.

இதில் எனக்கும் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கொள்முதல் குழுவில் நிதி உறுப்பினராக இருந்தேன். மலிவான கருவிக்கே பரிந்துரை செய்தேன். கோப்பில் 'சேமிப்பு' என்ற சொல்லையும் எழுதினேன். மூன்றாண்டுக்குப் பின் வேறொரு வேலையாக ஒரு மாவட்டத்துக்குச் சென்றபோது, அதே கருவியை ஒரு பெண் பணியாளர் ரப்பர் வளையம் போட்டு இறுக்கி வைத்திருந்ததைக் கண்டேன். பேட்டரி உப்பி, பின்மூடி திறந்துகொண்டிருந்தது. பகலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, இரவில் மகனின் செல்பேசியில் விவரங்களை ஏற்றுவதாகச் சொன்னார். "இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "இருப்புப் பதிவேட்டில் என் பெயரில் இருக்கிறதே, சார், தொலைந்தால் பிடித்தம் செய்வார்கள்" என்றார். நான் எழுதிய சேமிப்பின் மறுபக்கம் அதுதான்.

விதிகள் தடையாக இருக்கின்றன என்று சிலர் கூறுவர். முழுவதும் ஏற்பதற்கில்லை. நிதி அமைச்சகத்தின் கொள்முதல் கையேடு, செலவிடும் பணத்துக்குரிய மதிப்பைப் பற்றிப் பேசும்போது முழு உடைமைச் செலவையும் குறிப்பிடுகிறது. தடையாக இருப்பது பெரும்பாலும் விவரமின்மை. மதிப்பீட்டு முறையை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே அறிவிக்காமல், உறைகளைத் திறந்தபின் ஆயுட்காலச் செலவைப் பற்றிப் பேசினால் தணிக்கை ஏற்காது, ஏற்கவும் கூடாது. எனவே ஆறாம் ஆண்டின் பேட்டரி என்ன விலை, உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், மேம்படுத்தல் எப்போது நிற்கும், பழுதானால் எத்தனை நாளில் மாற்றுக் கருவி வரும் என்பவற்றை முதல் நாளே கேட்டு, எழுத்தில் பெற்று, விலையோடு சேர்த்து மதிப்பிட வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளுக்குப் பின், கழிக்கும் நாளின் ஏற்பாட்டையும் அப்போதே கேட்பது நல்லது.

இவற்றைச் சரிபார்க்க நமக்கு நம் சொந்த அனுபவத்தின் பதிவு வேண்டும். எந்தக் கருவி, எந்த மாவட்டத்தில், எத்தனை நாள் முடங்கிக் கிடந்தது, பழுதுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற நான்கு பத்திகள் கொண்ட ஒரு பதிவேடு போதும். அத்தகைய பதிவேட்டைத் தவறாமல் வைத்திருக்கும் அலுவலகங்கள் மிகச் சிலவற்றையே நான் கண்டிருக்கிறேன். இங்கு வந்திருப்பவர்களில் எவரேனும் வைத்திருந்தால், அடுத்து நடைபெறும் விவாதத்தில் அதிலிருந்தே தொடங்கலாம்.