மறைந்த செல்லப் பிராணியைப் படியெடுத்தல் தகுமா?

(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பிள்ளைகள் பணியின் பொருட்டு வெளியூர் சென்றுவிட்ட இல்லங்கள் பலவற்றில், முதியோர்க்குத் துணையாய் எஞ்சியிருப்பது ஒரு நாயோ பூனையோதான். அதுவும் இறந்துவிட்டால் வீடு வெறிச்சோடிப் போகிறது. "ஒரு நாய்க்காகவா இத்தனை அழுகை?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி பொருந்தாது. உயிர்களை ஓரறிவு முதல் வகுத்துக் கண்ட சமண மரபு, நாயை ஐம்பொறிகளோடு மனமும் வாய்க்கப்பெற்ற உயிராகவே வைத்துள்ளது. அதன் பிரிவுக்கு வருந்துதல் இயல்பே.

ஆனால் அவ்வருத்தத்தையே முதலாகக் கொண்டு இன்று ஒரு வணிகம் வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கும் நிறுவனம் ஒன்று, இறந்த நாயை ஒத்த குட்டியை 50,000 டாலர் விலையில் உருவாக்கித் தருகிறது. இந்திய மதிப்பில் அது 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும். தென்கொரியாவிலும் சீனாவிலும் இது நடைபெறுகிறது.

குளோனிங் எனப்படும் இம்முறையைச் சுருங்கக் கூறலாம். வளர்த்த நாயின் தோலிலிருந்து சிறு துண்டை எடுத்து, அதன் உயிரணுக்களைப் பெருக்கி உறைநிலையில் காப்பர். வேறொரு பெண் நாயின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் இந்த உயிரணுவைச் சேர்த்து மின்தூண்டலால் இணைப்பர். உருவாகும் கருவை மூன்றாவது நாய் ஒன்று சுமந்து ஈனும். இவ்வழியைத் திறந்தது, ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி என்னும் செம்மறியாடு. 277 முயற்சிகளில் உயிரோடு பிறந்தது அது ஒன்றே.

படி என்றதும், அச்சில் வார்த்தாற்போல் அதே விலங்கு மீண்டும் கிடைக்கும் என எண்ணுவோர் மிகுதி. முதற்பூனையே அவ்வெண்ணத்தைக் குலைத்துவிட்டது. 2001 டிசம்பர் 22 அன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த அப்பூனைக்கு 'சிசி' என்று பெயர். அதற்கு மூலமான 'ரெயின்போ', வெள்ளையும் கருமையும் செம்மஞ்சளும் கலந்த மூவண்ணப் பூனை. சிசியிடமோ செம்மஞ்சள் சிறிதும் இல்லை. பெண் பூனையின் ஒவ்வோர் உயிரணுவிலும் எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு உள்ளன. கருவளர்ச்சியின் தொடக்கத்தில் அவற்றுள் ஒன்று செயலடங்கிவிடும். எது அடங்கும் என்பது தற்செயல். செம்மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு அந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. ரெயின்போவின் உடலில் ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் மற்றொன்றும் அடங்கியமையால் நிறங்கள் திட்டுத்திட்டாய் அமைந்தன. சிசிக்கு மூலமான ஒற்றை உயிரணுவில் செம்மஞ்சளுக்குரியது முன்னரே அடங்கியிருந்தது. மயிரின் நிறமே இவ்வாறாயின், வாசலில் செருப்போசை கேட்டதும் எழுந்து ஓடிவரும் பழக்கத்தை எந்த மரபணு சுமந்துவரும்?

நாயைப் படியெடுத்த வரலாறு இன்னும் கருதத்தக்கது. 2005 ஏப்ரல் 24 அன்று சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'ஸ்நப்பி' பிறந்தது. அதன்பொருட்டு 1,095 கருக்கள் 123 பெண் நாய்களின் உடலில் வைக்கப்பட்டன. கருவுற்றவை மூன்றே. உயிரோடு பிறந்த குட்டிகள் இரண்டு. அவற்றுள் ஒன்று 22ஆம் நாளில் நுரையீரல் அழற்சியால் இறந்தது. ஸ்நப்பியின் பெயரை உலகம் அறியும். அந்த 123 நாய்களுக்கு யார் பெயரிட்டார்கள்? தொழில்நுட்பம் வளர்ந்தபின் இத்தொகை குறைந்துள்ளது என்பது மெய்யே. எனினும் கருமுட்டை தர ஒரு நாயும் கருவைச் சுமக்க ஒரு நாயும் இன்றிக் குட்டி பிறவாது. அவ்விரண்டும் அறுவைக்கு உட்படவேண்டும். தன் வீட்டு நாயின்மீது ஒருவர் கொண்ட அன்பு, முகமறியா நாயின் வயிற்றைக் கீறச் செய்கிறது. கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்டோர் இதனை எளிதாகக் கடந்து செல்ல இயலாது.

இவ்வழியில் சென்று பார்த்தவர்களின் சொல்லும் கேட்கத்தக்கது. அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்டிரைசாண்ட், 2017இல் இறந்த சமந்தா என்னும் தம் நாயிலிருந்து இரு குட்டிகளைப் பெற்றார். தோற்றத்தைப் படியெடுக்கலாம், ஆன்மாவைப் படியெடுக்க இயலாது என்னும் கருத்தை 2018இல் அவரே எழுதினார். பெரும்பொருள் செலவிட்டு எட்டப்பெற்ற இம்முடிவு, சமணச் சிறுவர்க்கு முதற்பாடம் என்பதை இங்கே பெருமிதத்தோடு நினைவு கூரலாம். இன்னொன்றும் உண்டு. படியாகப் பிறந்த குட்டி, தான் ஒருபோதும் கண்டிராத வேறொரு நாயைப்போல் நடந்துகொள்ள வேண்டும் என்னும் எதிர்பார்ப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. "அது இப்படிச் செய்யாதே" என்னும் சொல்லைக் கேட்டே அது வளரும். தன் வினைவழி வந்த உயிருக்கு இது நீதியன்று.

யசோதர காவியத்தில் இதன் மறுதலையைக் காணலாம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட அரசனும் அவன் தாய் சந்திரமதியும் மறுபிறப்பில் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, மகன் ஆளும் அரண்மனைக்கே வந்து சேர்கின்றனர். தந்தையையும் பாட்டியையும் அம்மகன் அறிந்துகொள்ளவில்லை. அங்கே உயிர் அதுவே, உடல் வேறு. குளோனிங்கில் உடல் ஒத்தது, உயிர் வேறு. உறைகலத்தில் காக்கப்படுவது தோலின் அணுக்களே. நாயாய் இருந்த உயிர் தன் வினைவழி முன்னமே சென்றுவிட்டது.

அவ்வாறு செல்லும் உயிர்க்குச் செய்யத்தக்கது யாது? சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில், உணவைத் தீண்டியதற்காக அடிக்கப்பட்டு உயிர் ஊசலாடும் நாய் ஒன்றைச் சீவகன் காண்கிறான். அதனைக் காப்பாற்ற இயலாது என்பது தெளிவாகிறது. அவன் விலகிச் செல்லவில்லை. அருகமர்ந்து, அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, சீவகனைத் தேடிவந்து நன்றி கூறுகிறது. பின்னர்க் கட்டியங்காரனால் சீவகன் பிடியுண்டபோது வந்து மீட்டுச் செல்பவனும் அச்சுதஞ்சணனே.