கலங்கல் இல்லாத ஏரி
(மருத்துவ மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

"ஆளில்லாக் கட்டிலுக்கு ஆண்டுதோறும் பணம் கொட்டுவது வீண் செலவல்லவா?" என்று பேரேட்டைக் கையிலேந்திக் கேட்கின்றனர் சிலர். கேட்கட்டும், கேள்வி கேட்பது குற்றமன்று. விடையைக் கோபன்ஹேகன் நகரம் தருகிறது.

1952ஆம் ஆண்டு அந்நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கிற்று. பிளெக்டாம் மருத்துவமனைக்கு ஒரே நாளில் ஐம்பது பேர்வரை கொண்டுவரப்பட்டனர். மூச்சு முடங்கியோரைக் காக்க அங்கிருந்த இரும்பு நுரையீரலோ ஒன்றே ஒன்று! மார்பில் பொருத்தும் சிறு கருவிகள் ஆறு. அவற்றில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து தருபவரான பியோர்ன் இப்சன் வழி காட்டினார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்துக என்றார். ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், 12 வயதுச் சிறுமியொருத்தி அம்முறையால் பிழைத்தாள்.

ஆனால், இரவும் பகலும் பையை அழுத்துவது யார்? உங்களைப் போன்ற மாணவர்கள்! ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து வந்தனர். ஒரே வேளையில் 70 நோயாளிகளுக்குக்கூடக் கைகளே மூச்சாயின. பத்தில் ஒன்பது பேர் மாண்ட நிலை மாறி, நால்வரில் ஒருவர் என்ற அளவுக்கு இறப்பு இறங்கிற்று.

"பார்த்தீரா, கருவியின்றியே சமாளித்தனரே!" என்பார் பேரேட்டுக்காரர். ஐயா, வழி பிறக்குமுன் மடிந்த 27 பேரை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்? குழாயும் பிராணவாயுவும் கையருகே இருந்தன. கற்ற மாணவர் நகரிலேயே இருந்தனர். அவை இல்லாதிருந்தால் இப்சனின் அறிவு மட்டும் என்ன செய்திருக்கும்?

2021ஆம் ஆண்டு நாமே கண்டோம். கொரோனாவின் இரண்டாம் அலையில் மண்டபங்களெல்லாம் மருத்துவமனைகளாயின. கட்டில் இருந்தது, பிராணவாயு இல்லை! கிழக்கு மாநில உருக்காலைகளில் அது இருந்தது. கொண்டுவரப் போதிய டாங்கர் லாரிகள் இல்லை. இறுதியில் ரயிலேற்றி அனுப்பினர். ரயில் வரும்வரை மூச்சு காத்திருக்குமா?

இடம், பொருள், ஏவல் என்பர் நம்மவர். இடம் என்பது கட்டில். பொருள் என்பது மருந்தும் காற்றும். ஏவல் என்பது பயின்ற கைகளும், அவற்றை நடத்தும் ஒழுங்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பாழ்.

நம் முன்னோர் ஏரி வெட்டியபோது கலங்கலும் கட்டினர். பல ஆண்டுகள் அதில் ஒரு சொட்டு நீரும் வழிவதில்லை. அதற்காக அதனைப் பெயர்த்துக் கல்லை விற்ற ஊர் உண்டா? விற்றிருந்தால், ஒரே மழையில் கரையும் போயிருக்கும், ஊரும் போயிருக்கும்!

ஆகவே தோழர்களே, வாக்குக் கேட்டு வருவோரிடம், எத்தனை கட்டடம் திறந்தீர் என்று மட்டும் கேளாதீர். இன்றிரவு ஐந்நூறு பேர் வந்தால் எத்தனை கட்டில், எத்தனை நாளைக்குக் காற்று, எத்தனை செவிலியர் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவர், கலங்கல் இல்லாத ஏரிக்குக் காவல் நிற்பவர்.