கரையோர மக்களும் கடல்மட்டத் திட்டமும்

(ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



உயர்ந்துவரும் கடலை எதிர்கொள்ள அரசாங்கம் வகுக்கும் திட்டம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். காடு சூழ்ந்த மடுவிலே கடலைப்பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். போர்க்காலத்திலே வீடிழந்த மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து தஞ்சம் புகுந்த இடம் இந்த மடு. நாளை தலைமன்னாரும் பேசாலையும் வங்காலையும் வாழ்வதற்குத் தகாத இடங்களானால், அம்மக்கள் மீண்டும் நம்மை நோக்கியே வருவர். ஆதலின் இது நமக்கும் உரிய பொருளே.

கடல் உயர்வதற்குக் காரணம் யாது? உலகம் வெப்பமடைவதால் கடல்நீர் விரிகிறது. நிலத்தின்மேலுள்ள பனிக்கட்டி உருகிக் கடலிற் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது என்றும், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் உயர்ந்தது என்றும் காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021 இல் அறிவித்தது. 3.7 மில்லிமீற்றர் ஒரு நெல்மணியின் பாதி நீளந்தான். ஆயினும் புகைவாயுக்கள் கட்டின்றிப் பெருகினால், 2100 ஆம் ஆண்டளவில் உயர்வு ஒரு மீற்றரை எட்டக்கூடும்.

நிற்க. நமது நாட்டிற் சட்டம் இல்லாமலில்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீற்றரும், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடலின் பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாகும். அதற்குள் கட்டடம் முதலிய வேலைகளுக்கு அனுமதி பெறவேண்டும். நல்ல சட்டம்; ஐயமில்லை. ஆனால் அது தூரத்தை அளக்கிறது. கடலோ மட்டத்தால் வருகிறது. செங்குத்தான கரையில் 300 மீற்றர் நடந்தால் மேட்டில் ஏறிவிடலாம். மன்னார்த் தீவில் அவ்வளவு நடந்தாலும் கால் அதே மணலில், ஏறக்குறைய அதே மட்டத்தில் நிற்கும். அன்றியும், கடல் உயர உயர உயர்நீர்க் கோடே உள்ளே நகரும். இன்று வலயத்துக்கு வெளியே இருக்கும் வீடு நாளை உள்ளே ஆகிவிடும்.

கடல் அலையாக மாத்திரம் வருவதன்று. மணற் கிணறுகளில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் உயர்ந்தால், அளவுக்கு மேல் நீர் இறைத்தால், உப்பு மேலேறும். மாரி வெள்ளம் வடிவதும் தாமதமாகும்.

சரி, மக்களை எழுப்பி அப்பால் அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நமது எதிர்க்கரையைப் பாருங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அதன் பின்னும் மீனவர் குடும்பங்கள் அங்கே குடிசை கட்டி வாழ்ந்தன. ஏன்? தொழில் அங்கே இருந்தது. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் நமது அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று தடைவலயம் வகுத்தது. கடலை விட்டுத் தொழில் செய்ய இயலாது என்று மீனவர் முறையிட்டனர். விதி பின்னர் தளர்த்தப்பட்டது. விலகு என்பது கட்டளையாகலாம், திட்டமாகாது.

திட்டம் என்றால் என்ன? முதலாவது, ஒவ்வொரு கிராமத்தின் நிலமட்டமும் அளக்கப்பட்டு, அப்படம் தமிழிற் கிராம அலுவலர் காரியாலயத்தில் தொங்கவேண்டும். இரண்டாவது, குடியிருப்பை மாற்ற நேர்ந்தால், வள்ளம் விடும் துறையும் வாடியும் கரைவலைப்பாடும் அக்குடும்பங்களுக்கே உரியன என்று எழுத்தில் உறுதி வேண்டும். போரினால் இடம்பெயர்ந்து உறுதிகளை இழந்து அலைந்த மக்களுக்கு வாய்ச்சொல் போதாது. மூன்றாவது, வங்காலைச் சதுப்புநிலமும் விடத்தல்தீவுக் கண்டற்காடும் அலையைத் தணிக்கும் அரண்கள். முன்னது 2008 இலும் பின்னது 2016 இலும் பாதுகாப்பிடங்களாயின. அப்பாதுகாப்புக் குறையலாகாது. நான்காவது, வீதி போடினும் காற்றாலை நாட்டினும் மழைநீர் ஓடும் வாய்க்காலை அடைத்தலாகாது.

2016 முதல் 2025 வரைக்கெனத் தேசிய மட்டத்தில் காலநிலை இசைவாக்கத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அதனை அடுத்து வருவனவற்றில் கரையோரக் கிராமங்களின் குரல் ஒலிக்கவேண்டுமாயின், கையில் ஆதாரம் வேண்டும். அதைத் திரட்டுதல் இளைஞராகிய நம்மால் ஆகும். மாரிதோறும் வெள்ளம் ஏறிய மட்டத்தைப் பாடசாலைச் சுவரில் ஆண்டுடன் கோடிட்டு வைப்போம். கோடையில் எந்தக் கிணறு எந்த மாதம் உவர்த்தது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுவோம். கரையோர நண்பர்கள் எந்தச் சமயத்தவராயினும் அவர்களோடு சேர்ந்தே இதைச் செய்வோம். உப்புநீர் எவர் கிணற்றையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பத்தாண்டுக் குறிப்பு ஒன்று பிரதேச செயலாளரின் மேசைமேல் வைக்கப்படுமாயின், அதனைத் தள்ளிவிட்டுத் திட்டம் எழுதுதல் எவர்க்கும் எளிதன்று.

இம்மாரியிலேயே முதற்கோட்டை இடுவோமாக என்று வேண்டி அமைகின்றேன்.