தலைப்பக்கத்தை வெட்டியது யார்?



என்னைவிட மூத்த அறிஞர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, நான் தலைமையுரை ஆற்றுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவர் ஒரு காலத்தில் என் ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையால் திருத்தியவர். இன்றைக்கும் பேனாவோடுதான் வந்திருக்கிறார். ஆனாலும் கெடாவின் பீடோங் என்று அழைத்தபோது மறுக்க மனம் வரவில்லை. ‘நான் ஹார்வர்டில் படித்தவன்’ என்று பொய்யில்லாமல் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் இவ்வளவு பேர் வேறெந்த ஊரில் கிடைப்பார்கள்? வெளியூர்ப் பேராளர்கள் திகைக்க வேண்டாம். இங்கே ஹார்வர்ட் என்பது தோட்டத்தின் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இங்கே உண்டு.

கருத்தரங்கின் பொருள் ‘கணினி, இணையப் பயன்பாட்டில் அறமும் பொறுப்பும்’. அடிப்படைகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நார்பெர்ட் வீனரை 1950 முதலும், ஜேம்ஸ் மூரை 1985 முதலும் நம் துறை மேற்கோள் காட்டிவருகிறது. 1992-இல் வெளிவந்த கணினி அறத்தின் பத்துக் கட்டளைகள் பல பாடநூல்களில் ஏறிவிட்டன. நம் மலேசியச் சட்டங்களும் உங்களுக்குத் தெரியும்: கணினிக் குற்றச் சட்டம் 1997-இலும், தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998-இலும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இலும் வந்தன. இணையப் பாதுகாப்புச் சட்டம் இப்போது வந்திருக்கிறது. வங்கிக் கணக்கில் மோசடி நடந்தால் 997-ஐ அழைக்க வேண்டும் என்பதைத் தோட்டத்துப் பாட்டிகளும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். இவற்றை விரித்துப் பேச இன்று நான்கு கட்டுரைகள் இருக்கின்றன. அந்தக் கட்டுரையாளர்கள் சோற்றில் நான் கை வைக்கவில்லை.

ஒன்றை மட்டும் தாண்டிப் போக முடியாது. 2024 ஜூலையில், டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட நம் சமூகத்துப் பெண் ஒருவர், தொடர்ந்த இணைய வசைகளுக்குப் பின் இறந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. அன்றைக்கு அவர்மேல் சாட்டப்பட்ட பிரிவில் அதற்கு மேல் விதிக்க வழியில்லை. நாடே கொதித்தது. குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, இணையவழித் துன்புறுத்தலுக்கான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11-இல் நடப்புக்கு வந்தன. சட்டம் பற்றிய விவாதத்தைச் சட்டத்துறைப் பேராளர்களிடம் விட்டுவிடுகிறேன். அந்த வசைகள் புனைபெயர்க் கணக்குகளிலிருந்து வந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயரைச் சொல்லிலிருந்து பிரித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் இன்று நான் பேசப்போவது. குற்றவாளிகளிடம் மட்டும் அந்தப் பழக்கம் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கருத்தரங்கு மலரின் மெய்ப்புப் படியை நேற்றிரவு புரட்டினேன். முகநூலுக்குப் புறங்கூறாமை, புலனத்திற்கு (வாட்ஸ்அப்) பயனில சொல்லாமை, திருட்டுப் பதிவிறக்கத்திற்குக் கள்ளாமை என்று பல கட்டுரைகளில் குறள் வரிசையாக வந்து நிற்கிறது. வள்ளுவர்மேல் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆனால் அவரைக் கடவுச்சொல்லுக்குக் காவலாளியாக்கிவிட்டோமே என்ற வருத்தம் உண்டு. அதோடு ஒரு சின்னக் கேள்வி. அந்தக் குறட்பாக்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? அலமாரியிலிருந்து பரிமேலழகரை எடுத்து, பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தீர்களா? இணையத்திலிருந்து ஒற்றி எடுத்து ஒட்டினீர்கள். அடிக்குறிப்பில் மட்டும் அச்சுப் பதிப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. கள்ளாமை பற்றிய கட்டுரையிலுமா என்று கேட்காதீர்கள். அதிலும்தான்.

இங்கேதான் நம் துறை கண்டுகொள்ளாத ஒரு சான்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. அதை நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம். துணை நின்றவர் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன். சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, இரவில் ஒரு நூலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். அது தமிழில் ஒருங்குறி பரவலாவதற்கு முந்திய காலம். ஒருவர் கணினியில் தமிழாகத் தெரிந்தது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி எந்தக் குறியாக்கம் சிறந்தது என்று நம் அறிஞர்கள் மேடையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் இவர்கள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்கள்.

அவர்கள் வெளியிட்ட ஒவ்வொரு மின்னூலுக்கும் ஒரு தலைப்பக்கம் உண்டு. நூலை உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், மூலநூலோ அதன் படிமமோ தந்து உதவியவர் யார் என்று அதில் எழுதியிருப்பார்கள். கீழே ஒரு நிபந்தனை. இந்தக் கோப்பை யாருக்கும் தடையின்றிக் கொடுக்கலாம், இந்தத் தலைப்பக்கம் சிதையாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. காசு கேட்கவில்லை, அனுமதி கேட்கவில்லை, வழக்குப் போடுவோம் என்று மிரட்டவும் இல்லை. தமிழில் இணைய அறம் பற்றி எழுதப்பட்ட முதல் ஆவணங்களில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். நம் ஆய்வு நூற்பட்டியல்களில் அதற்கு ஒரு வரி இடமில்லை. பத்துக் கட்டளைகளுக்கு உண்டு.

நிபந்தனைக்கு என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். உரையை ஒற்றி எடுத்தோம், தலைப்பக்கத்தை வெட்டினோம். நான் மதிப்பிட்ட ஓர் ஆய்வேட்டில் ஒரு சங்கப் பாடல் வரியில் வல்லின றகரம் வரவேண்டிய இடத்தில் இடையின ரகரம் இருந்தது. அடிக்குறிப்பு உ.வே.சாமிநாதையரின் 1894-ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பைக் காட்டியது. பதிப்பை எடுத்துப் பார்த்தேன், அங்கே சரியாக இருந்தது. மின்னூலை எடுத்துப் பார்த்தேன், அதே இடத்தில் அதே பிழை. ஆய்வாளர் அந்தப் பதிப்பைத் திறந்தே பார்க்கவில்லை. தொலைவில் எங்கோ இரவில் கண் எரிய உட்கார்ந்து தட்டிய ஒருவரின் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் பெயரை விட்டுவிட்டார். அந்த ஆய்வாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நெறியாளர் பார்க்கவில்லை, புறத் தேர்வாளரும் பார்க்கவில்லை.

முந்திய ஒரு கருத்தரங்கில் இதைச் சுருக்கமாகச் சொன்னபோது, என் மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் எழுந்து மறுத்தார். இன்றும் இந்த அரங்கில் இருக்கிறார். அன்று நேரமில்லை என்று அவைத்தலைவர் மணி அடித்துவிட்டார். இன்று மணி என் கையில் இருப்பதால் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவர் சொன்னது இதுதான்: சங்கப் புலவர்கள் செத்து ஈராயிரம் ஆண்டாகிவிட்டது. நூல் பொதுச்சொத்து. தட்டச்சு செய்வது வெறும் உழைப்பு, படைப்பு ஆகாது. இணையத்தில் கிடப்பது எல்லார்க்கும் பொது.

சட்டப்படி நண்பர் சொன்னது ஏறக்குறையச் சரி. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொலைபேசிப் பெயர்ப்பட்டியல் தொடர்பான ஃபெய்ஸ்ட் வழக்கில், வியர்வை சிந்தினால் மட்டும் பதிப்புரிமை வந்துவிடாது என்று தீர்ப்புச் சொன்னது. பழைய நூலைத் தட்டச்சு செய்தவருக்கு உரிமை கோர எந்த நீதிமன்றத்திலும் இடம் கிடைப்பது அரிது. நானும் அதையேதான் சொல்கிறேன், நண்பரே. சட்டம் கைவிட்ட இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது நம் விருப்பத்திற்கு வருகிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைவிட இந்தக் கருத்தரங்கிற்குப் பொருத்தமான பொருள் வேறென்ன? சட்டமே அளவுகோல் என்றால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆசிரியர் இறந்தபின் பதிப்புரிமை மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60, இலங்கையில் 70. ஒரே நாவலைப் பகிர்வது பீடோங்கில் குற்றமில்லை, மதுரையில் குற்றம், யாழ்ப்பாணத்தில் இன்னும் பத்தாண்டுக்குக் குற்றம் என்ற காலம் ஒவ்வோர் எழுத்தாளருக்கும் வரும். ஒழுக்கம் விமானத்தில் ஏறி இறங்கும்போது மாறுமா?

நண்பரின் இன்னொரு சொல்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ‘அது கணினிக்காரர்கள் வேலை, புலமை இல்லை’ என்றார். சாமிநாதையரின் முகவுரைகளை அவர் என்னைவிட நன்றாக அறிந்தவர். சுவடி எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது, யார் அனுப்பினார்கள் என்று ஐயர் பெயர் பெயராக எழுதிவைத்தார். சுவடி வைத்திருந்தவர்கள் எல்லாரும் புலவர்களா? பரணில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை விட்டுவிட்டால் பதிப்பின் நம்பகமே போய்விடும் என்று ஐயருக்குத் தெரிந்திருந்தது. லோசான்காரரின் தலைப்பக்கம் அந்த முகவுரையின் நேர் வாரிசு. கணினி வந்ததும் கொள்கை வெற்றிடம் ஒன்று உண்டாகிவிட்டது என்று மூர் 1985-இல் எழுதியதை நாமெல்லாம் ஓதிக்கொண்டிருக்கிறோம். தமிழைப் பொறுத்தவரை இதில் அவரோடு நான் மாறுபடுகிறேன். நம்மிடம் வெற்றிடம் இருக்கவில்லை. கையில் இருந்த வழக்கத்தைக் கணினிக்கு மாறும்போது நாம் கொண்டுபோகவில்லை.

இது சங்க இலக்கியக்காரர்களின் சில்லறைச் சண்டை என்று வரலாற்றுத் துறையினர் சிரிக்க வேண்டாம். 1947-இல் இதே பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை புறப்பட்டது. கெடா தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு திருப்பம். அதைப் பற்றிய பழைய செய்தித் துண்டு என்று ஒரு படம் நம் புலனக் குழுக்களில் சுற்றுகிறது. எந்தப் பத்திரிகை? மேல் விளிம்பு வெட்டப்பட்டிருக்கிறது. எந்தத் தேதி? அதுவும் வெட்டில் போயிற்று. தமிழ் நேசனா, வேறு தாளா, அன்றைக்கே அச்சானதா, பத்தாண்டு கழித்து வந்த நினைவுக் கட்டுரையா என்று சொல்ல முடியாமல் நிற்கிறேன். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. பழைய தாள் வைத்திருப்பவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெருமையோடு அதைப் பகிர்ந்த நூறு பேரில் ஒருவர் தலைப்பை விட்டுவைத்திருந்தால் எனக்கு ஓர் அத்தியாயம் கிடைத்திருக்கும்.

கெடாவின் சுங்கை பத்து இன்னொரு கதை. அங்கே 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, இரும்பு உருக்கிய இடங்களையும் செங்கல் கட்டுமானம் ஒன்றையும் வெளிக்கொணர்ந்தார்கள். அந்தக் கட்டுமானத்தை கி.பி. 2-ஆம் நூற்றாண்டு என்று அவர்கள் கணிக்கிறார்கள். அதன் படத்தைப் போட்டு, ‘ராஜேந்திர சோழன் கட்டிய கோயில், பகிருங்கள் தமிழர்களே’ என்று வரும் செய்தியை உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள், அனுப்பியும் இருப்பீர்கள். ராஜேந்திரன் கடாரத்தின்மேல் படையெடுத்தது 1025-ஆம் ஆண்டு வாக்கில். இடையில் தொள்ளாயிரம் ஆண்டு. மண்ணில் குனிந்து தோண்டியவர்கள் பெயர் படத்தின் கீழே இருந்திருந்தால் அந்தப் பொய்க்கு இவ்வளவு ஆயுள் இருந்திருக்காது. 2013 டிசம்பரில் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி என்ற பழங்கோயில் இடிக்கப்பட்டது வெளியே தெரிந்தபோது, அந்தச் செய்திக்கு வலு இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கை ஆய்ந்த டத்தோ வீ. நடராஜன் தம் பெயரோடு முன்னால் நின்று சொன்னதும் அதற்கு ஒரு காரணம். இணையம் அன்று நல்ல வேலை செய்தது. இந்தப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. புறநானூற்றில் மழை பற்றிப் பாடல் கேட்டால், இல்லாத பாடலை இருப்பதுபோல் எண்ணோடு எழுதித் தருகிறது. மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். இயந்திரத்தைத் திட்டி இன்று மூன்று கட்டுரைகள் வருகின்றன. திட்டுங்கள். ஆனால் அது கற்ற தமிழில் பெரும்பகுதி இணையத்தில் தலைப்பக்கம் இல்லாமல் கிடந்த தமிழ். மூலம் சொல்லாத பழக்கத்தை அது நம்மிடமிருந்து கற்றிருக்கிறது.

ஆகவே மலர்க் குழுவிடம் ஒரு வேண்டுகோள். நேரமாகிறது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார், முடித்துவிடுகிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு கட்டுரையையும் ஆசிரியருக்கே திருப்பி அனுப்புங்கள். எந்த மின்னூலிலிருந்து மேற்கோளை எடுத்தார்களோ அந்த மின்னூலின் பெயரும், உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களும் அடிக்குறிப்பில் வரட்டும். அச்சுப் பதிப்பைக் காட்ட வேண்டுமென்றால் அச்சுப் பதிப்பைத் திறந்து பார்க்கட்டும். அடிக்குறிப்பு நீளும், பக்கம் கூடும், அச்சுச் செலவும் கொஞ்சம் கூடும். கூடும் செலவை ஏற்பாட்டுக் குழு தாங்காது என்றால் குறள் மேற்கோள்களில் சிலவற்றை எடுத்துவிடலாம், வள்ளுவர் பொறுத்துக்கொள்வார். இதை மறுக்கும் நண்பர் பிற்பகல் அமர்வில் பேசப் பெயர் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அவருக்கு இருபது நிமிடம் முழுதாகக் கொடுக்கும்படி அந்த அமர்வின் தலைவரைக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.