ரோஜாச் செடிகளின் அடியில்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் கொலைப்படம் ஒன்றைப் பற்றிப் பேசுவது தகுமா என்று உங்களுள் சிலர் எண்ணலாம். மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியரே எனக்குத் துணை.

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978 அக்டோபரில் வெளிவந்தது. கத்தியோடு வரும் கொலைஞன் படங்களுக்கு அமெரிக்காவில் வழிவகுத்த 'ஹாலோவீன்' திரைக்கு வந்ததும் அதே மாதத்தில்தான். முந்தைய ஆண்டில் '16 வயதினிலே' மூலம் கிராமத்தைக் காட்டியவர், இதில் நகரத்து மாளிகைக்குள் நுழைந்தார். திலீப் என்னும் செல்வன் பெண்களை அழைத்துவந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். அங்கே ரோஜாக்கள் பூக்கின்றன. துணிக்கடையில் வேலை பார்க்கும் சாரதா அதையறியாமல் அவனை மணக்கிறாள்.

மாணவியாக இருந்தபோது இப்படத்தை ஒளிநாடாவில் பார்த்துத் திலீப்புக்காக அழுதிருக்கிறேன். அண்மையில் செங்கல்பட்டில், வழக்கறிஞரான என் தோழியின் வீட்டில் இருவரும் மீண்டும் பார்த்தோம். நிவாஸின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் பின்னணி இசையும் இன்றும் நடுக்குகின்றன. பாடல்கள் இரண்டே, மற்ற இடங்களில் இசையே அச்சத்தை வளர்க்கிறது. கமல்ஹாசனின் கண்கள் சிரித்துக்கொண்டே மிரட்டுகின்றன. சாரதாவாக நடித்த ஸ்ரீதேவிக்குப் படம் வெளிவந்தபோது வயது 15 என்பதை எண்ணியபோது, அந்த மிரட்சி வேறொரு பொருள் கொண்டது.

படம் முடிந்ததும் தோழி சொன்னாள்: "இந்த வழக்கில் குற்றவாளிக்கு மட்டும்தான் வாக்குமூலம் இருக்கிறது. செத்தவர்களுக்கு ஒரு முதல் தகவல் அறிக்கைகூட இல்லையே!"

உண்மைதான். அவன் ஏன் கொல்கிறான் என்பதற்குப் படம் ஓர் இளமைக்காலத்தைத் தருகிறது. பெண்களால் அடைந்த துன்பத்தைக் காரணமாக்குகிறது. செடிகளின் அடியில் கிடப்பவர்களுக்கோ தாய் இல்லை, ஊர் இல்லை, தேடி வருவார் இல்லை. அன்று நான் சிந்திய கண்ணீர் யாருக்கானது என்று வெட்கத்தோடு கேட்டுக்கொண்டேன்.

அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைத் தொல்காப்பியர் கூறுகிறார். "சாரதாவின் அச்சம் இவற்றுள் எது?" என்று தோழியைக் கேட்டேன். "கள்வனும் இறையும் ஒருவனே ஆகிவிட்டால் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள், பேராசிரியரே?" என்று திருப்பிக் கேட்டாள். இறை என்பதற்கு உரைகாரர்கள் அரசன் முதலியோரைச் சுட்டுவர். வீட்டுக்குத் தலைவனும் ஒருவகையில் இறையே. வெளியிலிருந்து வரும் கள்வனுக்குக் கதவை அடைக்கலாம். திறவுகோலே அவன் கையில் இருந்தால்? நாள்தோறும் வழக்குக் கட்டுகளில் இதைக் காண்பவள் அவள். அவளுக்கு இது திரைப்படம் மட்டுமன்று.

மறுநாள் இருவரும் மாமல்லபுரம் சென்றோம். மகிடாசுரமர்த்தினி குகையில் நெடுநேரம் நின்றோம். சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லேந்தி முன்னேறுகிறாள் கொற்றவை. தண்டேந்திய எருமைத்தலையன் பின்வாங்கிச் சாய்கிறான். அவன் இன்னும் வீழவில்லை. கொலைக்கு முந்தைய கணத்தையே பல்லவச் சிற்பி பிடித்து நிறுத்தினான். அசுரனுக்கும் அவன் கம்பீரத்தை மறுக்கவில்லை. ஆனால் அதற்காகத் தேவியின் முகத்தை மறைக்கவும் இல்லை. படத்தில் நான் காணாத நேர்மை அந்தப் பாறையில் இருந்தது.

'சிகப்பு ரோஜாக்கள்' திறமையான படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கொடியவனின் உள்ளத்தை எழுதுவதும் கலையின் உரிமையே. நம் வட்டத்துக் கவிஞர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: அச்சத்தை எழுதும்போது அச்சுறுத்துபவனின் கதையோடு நின்றுவிடாதீர்கள். அந்தச் செடிகளின் அடியில் இருப்பவளுக்கும் ஒரு பெயர் உண்டு. அடுத்த பத்தாண்டுகளில் அந்தப் பெயர் நம் கவிதைகளில் ஒலிக்கட்டும்.