கருவியின் கடிதமும் நமது கையொப்பமும்



திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலே, எந்த நிறுவனத்தையும் சாராது தனித்துத் தொழில் புரிவோர் பலர் உளர். படகுப் பயணம் ஒழுங்கு செய்வோர், மொழிபெயர்ப்போர், நிழற்படம் எடுப்போர் முதலிய இவர்களுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் ஒரு கடிதத்தைப் பொறுத்தது. ‘இன்ன வேலையை, இன்ன நாளில், இன்ன விலைக்குச் செய்து தருவேன்’ என வாடிக்கையாளருக்கு எழுதும் முன்மொழிவே அக்கடிதம். தொழிலை நன்கறிந்தும், ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி வாய்ப்பிழந்தோர் உண்டு.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இத்தயக்கத்தைப் போக்கவல்லன. தமிழிற் குறிப்புக் கொடுத்தால் திருத்தமான ஆங்கிலக் கடிதம் நொடியில் வந்துவிடும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. டிசம்பரில் வரும் பயணி ஒருவர் திமிங்கிலம் காண விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். ‘நவம்பர் முதல் ஏப்ரல் வரை உகந்த காலம்’ எனக் கருவி எழுதிவிடக்கூடும். அது தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்குப் பொருந்தும் கணக்கு. இங்கோ டிசம்பர், வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதம்; மே முதல் ஓகஸ்ட் வரையே நமக்கு வாய்ப்பான காலம். அக்கடிதத்தை நம்பிப் பணம் அனுப்பியவர் கரையில் நின்று ஏமாறுவார். பழி நம்மையே சேரும்.

ஆதலின் பருவம், விலை, பாதுகாப்பு, பயணம் தடைப்பட்டால் பணம் திருப்புதல் ஆகியவற்றை முதலில் நாமே எழுதுவோம். ‘வாடிக்கையாளர் கேட்டதில் எதற்கு நான் விடையளிக்கவில்லை?’ என்று கருவியை வினவுவோம். மொழியை அது திருத்தட்டும். வந்த கடிதத்தை வரிவரியாகச் சரிபார்த்த பின்னரே கையொப்பம் இடுவோம்.